முற்றுப்பெறாத இசைத்தொகுப்பின் மூலபாடம்: தி பீச் பாய்ஸ் குழுவின் ‘ஸ்மைல்’ ஒலிப்பதிவுகளும் இரசிகர் விவாதங்களும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ராக் இசைக்குழுவான தி பீச் பாய்ஸ் 1966 – 67ஆம் ஆண்டுகளில் ‘ஸ்மைல்’ என்னும் இசைத்தொகுப்புக்காகப் பல மாதங்கள் ஒலிப்பதிவு செய்து, பின்னர் அதனைக் கைவிட்டது. அத்தொகுப்பின் வடிவம், பாடல் வரிசை, விடுபட்ட பகுதிகள் ஆகியவை குறித்து இரசிகர்கள் பல்லாண்டுகள் விவாதித்து வந்தனர். 2004ஆம் ஆண்டில் பிரையன் வில்சன் தாமே அதனை முழுமைப்படுத்தினார். 2011ஆம் ஆண்டில் பழைய ஒலிநாடாக்கள் அதிகாரபூர்வமாக வெளிவந்தன. வெளிவராத பாடல்கள், மறுவெளியீடுகள், செவ்வியல் தகுதி பெற்ற தொகுப்புகள் ஆகிய மூன்றையும் பற்றிய இரசிகர் விவாதம், உண்மையில் ஒரு மூலபாட ஆய்வாகவே நிகழ்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. படைப்பாளி கைவிட்ட ஒன்றை முடித்துத் தரும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாவையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மூலபாடம், பாடவேறுபாடு, ஒலிநாடா, மறுவெளியீடு, இரசிகர் பதிப்பு, தி பீச் பாய்ஸ், ‘ஸ்மைல்’

முன்னுரை

இலக்கியப் பனுவலுக்குப் பதிப்பு வரலாறு இருப்பதைப் போல ஒலிப்பதிவு செய்யப்பட்ட பாடலுக்கும் பதிப்பு வரலாறு உண்டு. ஒரு பாடல் ஒலிப்பதிவுக்கூடத்தில் பலமுறை பாடப்படுகிறது. அவற்றுள் ஒன்று தெரிவு செய்யப்படுகிறது. பல தடங்களில் பதிவான குரல்களும் கருவியிசையும் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. பின்னர் இசைத்தட்டாக வெளிவருகிறது. இருபது ஆண்டுகள் கழித்து அதே நாடாவிலிருந்து வேறொரு கலவை உருவாக்கப்பட்டு மறுவெளியீடாக வரலாம். ஆகவே, ‘பாடல்’ என்று நாம் ஒருமையில் குறிப்பிடுவது பல பாடங்களைக் கொண்ட ஒரு பனுவலாகும்.

இவ்வேறுபாடுகளைக் கல்வித்துறை கவனிக்கும் முன்பே இரசிகர்கள் கவனித்தனர். எந்த நாளில் எந்தக் கூடத்தில் ஒரு பகுதி பதிவு செய்யப்பட்டது, எந்தக் குரல் பின்னர்ச் சேர்க்கப்பட்டது, எந்த வெளியீட்டில் ஓர் அடி விடுபட்டது என்பன போன்ற நுண்ணிய செய்திகளை அவர்கள் திரட்டினர். இதனைப் பொழுதுபோக்கு ஆர்வம் என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. முடிந்த வடிவமே இல்லாத ஒரு படைப்பை அவர்கள் எதிர்கொண்ட இடத்தில் அவர்தம் பணி பதிப்பாசிரியரின் பணியாக மாறியது. அதற்குத் தெளிவான சான்றாக அமைவது ‘ஸ்மைல்’ ஆகும்.

குழுவும் ‘பெட் சவுண்ட்ஸ்’ தொகுப்பும்

தி பீச் பாய்ஸ் 1961ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தின் ஹாதோர்ன் நகரில் தோன்றிய குழு. பிரையன், டென்னிஸ், கார்ல் என்னும் வில்சன் சகோதரர் மூவரும், அவர்தம் அத்தை மகன் மைக் லவ்வும், நண்பர் அல் ஜார்டினும் இதன் தொடக்க உறுப்பினர்கள். கடலலைச் சறுக்கு, மகிழுந்து, இளமைக் காதல் ஆகியவற்றைப் பாடுபொருளாகக் கொண்ட எளிய பாடல்களால் இவர்கள் புகழ்பெற்றனர். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் விமானப் பயணத்தின்போது பிரையனுக்குக் கடுமையான மனப்பதற்றம் ஏற்பட்டது. அதன்பின் அவர் பெரும்பாலும் மேடைப் பயணங்களைத் தவிர்த்து, ஒலிப்பதிவுக்கூடத்திலேயே தங்கி இசையமைக்கத் தொடங்கினார். குழுவினர் வெளியூர்களில் பாடிக்கொண்டிருக்க, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தொழில்முறைக் கலைஞர்களைக் கொண்டு அவர் கருவியிசையைப் பதிவு செய்தார். குழுவினர் திரும்பி வந்ததும் குரல்கள் சேர்க்கப்பட்டன.

இம்முறையின் கனியாக 1966ஆம் ஆண்டு மே மாதம் ‘பெட் சவுண்ட்ஸ்’ வெளிவந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இத்தொகுப்பு பத்தாம் இடத்தையே எட்டியது. பிரித்தானியாவில் இரண்டாம் இடம் பெற்றது. இன்று ராக் இசையின் செவ்வியல் தொகுப்புகளுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது. செவ்வியல் தகுதி என்பது வெளியீட்டு நாளிலேயே கிடைத்துவிடுவதன்று. தொடர்ந்த கேட்பினாலும் விவாதத்தினாலும் மறுவெளியீடுகளினாலும் உருவாகிறது என்பதற்கு இத்தொகுப்பு சான்றாகும்.

அதே ஆண்டு அக்டோபரில் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ என்னும் பாடல் தனித்தட்டாக வெளிவந்தது. பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை ஏறத்தாழ ஏழு மாதங்கள், பல கூடங்களில், சிறுசிறு பகுதிகளாக இப்பாடல் பதிவு செய்யப்பட்டது. பகுதிகளை நாடாவில் வெட்டி ஒட்டி ஒரு பாடலாக்கினார் பிரையன். தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே மூச்சில் இசைப்பது என்னும் மரபான முறை இங்குக் கைவிடப்பட்டது. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இப்பாடல் முதலிடம் பெற்றது. இம்முறையைக் கொண்டே ஒரு முழுத் தொகுப்பை உருவாக்கலாம் என்னும் எண்ணமே ‘ஸ்மைல்’ முயற்சிக்கு அடிப்படையாயிற்று.

உருவாக்கமும் கைவிடுதலும்

‘ஸ்மைல்’ பாடல்களுக்குச் சொல்வடிவம் தந்தவர் வான் டைக் பார்க்ஸ். அமெரிக்க நிலப்பரப்பின் குடியேற்ற வரலாறு, குழந்தைமை, இயற்கையின் பூதங்கள் ஆகியன பாடுபொருள்களாயின. பொருள் எளிதில் பிடிபடாத சொற்சேர்க்கை அவர் பாணி. அப்பாணியே குழுவுக்குள் கருத்து வேறுபாட்டுக்கும் காரணமாயிற்று. ‘கேபினெசென்ஸ்’ பாடலின் இறுதி அடிகளுக்குப் பொருள் என்னவென்று மைக் லவ் வினவியது, இரசிகர்கள் திரும்பத் திரும்பப் பேசும் நிகழ்வாகும்.

கேப்பிடல் இசைத்தட்டு நிறுவனம் தொகுப்பை வெளியிட ஆயத்தமானது. ஓவியர் ஃபிராங்க் ஹோம்ஸ் வரைந்த அட்டைகள் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் அச்சிடப்பட்டன. பின்னட்டையில் பன்னிரண்டு பாடல்களின் பெயர்கள் இடம்பெற்றன. நிறுவனத்துக்கு அனுப்பப்பட்ட கையெழுத்துக் குறிப்பு ஒன்றே இப்பெயர்களுக்கு ஆதாரம்; அக்கையெழுத்து பிரையனுடையது அன்று என்று கருதப்படுகிறது. பாடல்களின் சரியான வரிசையை இசைத்தட்டின் நடுவில் ஒட்டப்படும் சீட்டில் காண்க என்னும் அறிவிப்பும் அதே அட்டையில் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் அந்த இசைத்தட்டு வெளிவரவேயில்லை. அதாவது, வரிசையைச் சொல்ல வேண்டிய சான்றை நோக்கி அட்டை கைகாட்டுகிறது. கைகாட்டப்பட்ட சான்றோ இல்லை. பின்வந்த விவாதம் முழுவதும் இவ்வெற்றிடத்திலிருந்தே கிளைத்தது எனலாம்.

1967ஆம் ஆண்டு மே மாதம், குழுவின் செய்தித் தொடர்பாளர் டெரக் டெய்லர், தொகுப்பு கைவிடப்பட்டதாக எழுதினார். இதற்கு ஒற்றைக் காரணம் கூற இயலாது. உரிமைத்தொகை தொடர்பாக நிறுவனத்தோடு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வான் டைக் பார்க்ஸ் விலகிச் சென்றார். பிரையனின் மனநலம் குன்றியது. போதைப்பொருள் பழக்கமும் சேர்ந்துகொண்டது. இவற்றோடு தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் உண்டு. எந்தப் பகுதியையும் எந்தப் பகுதியோடும் இணைக்கலாம் என்னும் நிலையில் தெரிவுகள் பெருகிக்கொண்டே சென்றன. இன்று கணினியில் நொடிப்பொழுதில் செய்யும் இணைப்பை அன்று நாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டியே செய்துபார்க்க வேண்டியிருந்தது. ‘ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ்’ என்னும் ஒரு பாடலுக்கு மட்டுமே எண்ணற்ற பகுதிகள் பதிவாயின. ஒரு பாடலில் வெற்றி தந்த முறை ஒரு தொகுப்பில் சுமையாக மாறியது.

‘தீ’ என்று அழைக்கப்படும் கருவியிசைப் பகுதி 1966 நவம்பர் 28 அன்று பதிவு செய்யப்பட்டது. கலைஞர்கள் தீயணைப்பு வீரர்களின் தலைக்கவசத்தை அணிந்து இசைத்தனர். பின்னர் அக்கம்பக்கத்தில் நிகழ்ந்த தீவிபத்துக்குத் தம் இசையே காரணமோ என்று பிரையன் அஞ்சினார். அந்நாடாவை அழித்துவிட்டதாகவும் பின்னாளில் கூறினார். நாடா அழியவில்லை. படைப்பாளியின் கூற்றும் ஆவணமும் முரண்படும்போது எதனை ஏற்பது என்னும் மூலபாட ஆய்வின் அடிப்படைச் சிக்கல் இங்கு எழுகிறது.

சிதறி வெளிவந்த பாடங்கள்

1967 செப்டம்பரில் ‘ஸ்மைலி ஸ்மைல்’ என்னும் தொகுப்பு வெளிவந்தது. ‘வொண்டர்ஃபுல்’, ‘விண்ட் சைம்ஸ்’, ‘வெஜிடபிள்ஸ்’ ஆகிய பாடல்கள் இதில் எளிய இசையமைப்பில் புதிதாகப் பாடப்பட்டிருந்தன. பெரிய இசைக்குழு இல்லை. பிரையனின் வீட்டில் அமைந்த தற்காலிகக் கூடத்திலேயே பெரும்பகுதி பதிவாயிற்று. எதிர்பார்த்திருந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்தது.

பின்னர் பழைய நாடாக்களிலிருந்து சில பாடல்கள் தனித்தனியே வெளிவந்தன. 1969ஆம் ஆண்டின் ‘20/20’ தொகுப்பில் ‘அவர் பிரேயர்’, ‘கேபினெசென்ஸ்’ ஆகியன இடம்பெற்றன. இவற்றுக்காக 1968ஆம் ஆண்டில் புதிய குரல்கள் சேர்க்கப்பட்டன. ‘சர்ஃப்ஸ் அப்’ பாடலைப் பிரையன் தனியே பியானோவில் அமர்ந்து பாடுவதை, லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் தொகுத்தளித்த தொலைக்காட்சி நிகழ்ச்சி 1967 ஏப்ரலில் ஒளிபரப்பியது. அப்பாடலின் இசைத்தட்டு வடிவமோ 1971ஆம் ஆண்டில்தான் வந்தது. அதில் முதற்பகுதிக்கு 1966ஆம் ஆண்டின் கருவியிசையும் 1971ஆம் ஆண்டின் கார்ல் வில்சன் குரலும் இணைந்துள்ளன. அடுத்த பகுதியில் 1966ஆம் ஆண்டில் பிரையன் தனியே பாடிய பதிவு வருகிறது.

இவ்வாறு ஒரே பாடலுக்குள் வெவ்வேறு காலங்கள் படிந்திருப்பதை இரசிகர்கள் கண்டுணர்ந்தனர். எது 1966ஆம் ஆண்டினது, எது பிற்காலச் சேர்க்கை என்று பிரித்தறிவது அவர்தம் முதற்பணியாயிற்று. இடைச்செருகலைக் கண்டறியும் பணியோடு இது ஒப்புநோக்கத்தக்கது. ஒரு வேறுபாடும் உண்டு. இங்கு இடைச்செருகலைச் செய்தவர்கள் அயலார் அல்லர்; அதே குழுவின் உறுப்பினர்களே. ஆகவே, பிற்சேர்க்கையைப் பிழை என்று தள்ளவும் இயலவில்லை. மூலம் என்று கொள்ளவும் இயலவில்லை.

இரசிகர் பதிப்பாசிரியராதல்

1969ஆம் ஆண்டு பாப் டிலனின் வெளிவராத பதிவுகள் ‘கிரேட் ஒயிட் வொண்டர்’ என்னும் பெயரில் அனுமதியின்றி இசைத்தட்டாக விற்கப்பட்டன. ராக் இசையில் பூட்லெக் எனப்படும் அனுமதியற்ற வெளியீடுகள் பரவ இது வழிகோலியது. 1980களில் ‘ஸ்மைல்’ நாடாக்களின் படிகளும் இவ்வாறே கசிந்தன. இரசிகர்கள் அவற்றை ஒலிப்பேழைகளில் படியெடுத்துத் தமக்குள் பரிமாறிக்கொண்டனர். படியிலிருந்து படியெடுக்கும்போது இரைச்சல் கூடியது, வேகம் மாறியது, தலைப்புகள் தவறாக எழுதப்பட்டன. எந்தப் படி மூலத்துக்கு நெருங்கியது என்று அறிய, படிகளை ஒப்பிட்டு வழிமுறை காண வேண்டியதாயிற்று.

டாமினிக் பிரையோர் என்னும் இரசிகர், அக்காலச் செய்தித்தாள் நறுக்குகளையும் கட்டுரைகளையும் திரட்டி ‘லுக்! லிசன்! வைப்ரேட்! ஸ்மைல்!’ என்னும் நூலாக வெளியிட்டார். லூயிஸ் ஷைனர் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கிளிம்ப்சஸ்’ என்னும் புதினத்தில், கதைத்தலைவன் கடந்த காலத்துக்குச் சென்று வெளிவராத தொகுப்புகளை மீட்கிறான். அவற்றுள் ‘ஸ்மைல்’ ஒன்று. வெளிவராத ஓர் இசைத்தொகுப்பு புனைவுக்குப் பொருளாகும் அளவுக்கு இரசிகர் நினைவில் வேரூன்றியிருந்தது என்பதை இதனால் அறியமுடிகிறது.

அதே 1993ஆம் ஆண்டு, குழுவின் முப்பதாண்டு நிறைவுத் தொகுப்பில் ஏறத்தாழ அரைமணி நேர ‘ஸ்மைல்’ பதிவுகள் அதிகாரபூர்வமாக இடம்பெற்றன. இரசிகர்கள் தத்தம் வரிசையில் பகுதிகளை இணைத்து, தமக்குரிய ‘ஸ்மைல்’ தொகுப்பை உருவாக்கிக்கொண்டனர். அவர்தம் விவாதம் பெரும்பாலும் பின்வரும் வினாக்களை ஒட்டி அமைந்தது.

முதலாவது, வரிசை பற்றியது. அட்டையில் உள்ள பன்னிரண்டு பெயர்களை எவ்வாறு இரு பக்கங்களாகப் பிரிப்பது? அமெரிக்க வரலாறு சார்ந்த பாடல்களை ஒரு பக்கத்திலும், குழந்தைமையும் பூதங்களும் சார்ந்தவற்றை மறுபக்கத்திலும் வைக்கலாம் என்று சிலர் கருதினர். பொருள் வழிப்பட்ட இப்பகுப்பு கேட்பவரின் ஊகமேயன்றி ஆவணச் சான்று உடையதன்று.

இரண்டாவது, அடையாளம் பற்றியது. அட்டையில் ‘தி எலிமென்ட்ஸ்’ என்னும் பெயர் உள்ளது. அதன் பகுதியாக உறுதியாக அறியப்பட்டது ‘தீ’ ஒன்றே. நிலம், நீர், காற்று ஆகியவற்றுக்கு உரியவை எவை என்பதற்கு வெவ்வேறு பாடல்கள் முன்மொழியப்பட்டன. கிடைத்த பகுதிகளைக் கொண்டு கிடைக்காத முழுமையை நிரப்பும் முயற்சி இது.

மூன்றாவது, நம்பகம் பற்றியது. நாடாப்பெட்டியின் மேல் எழுதப்பட்ட குறிப்பு, ஒலிப்பதிவுச் சங்க ஒப்பந்தத்தாள், பங்கேற்றோரின் நினைவுக்கூற்று ஆகிய மூன்றும் முரண்படும்போது எதற்கு முதன்மை தருவது? தேர்ந்த இரசிகர்கள் நினைவைவிட எழுத்தாவணத்தை ஏற்றனர். பாடல்களின் சுருதி, வேகம், இசைக்கருவி ஆகியவற்றை அகச்சான்றாகவும், பெட்டிக்குறிப்பையும் ஒப்பந்தத்தாளையும் புறச்சான்றாகவும் அவர்கள் கையாண்டனர். முறைப்படி பயிலாத ஒரு குழு, பொருளின் இயல்பு கோரியதால் இப்பகுப்புக்கு வந்து சேர்ந்தது என்பது கருதத்தக்கது.

ஏட்டுச்சுவடிப் பதிப்போடு ஒப்பிடும்போது ஓர் அடிப்படை வேறுபாடு தெளிவாகிறது. சுவடிப் பதிப்பில் ஆசிரியரின் மூல ஏடு மறைந்துவிட்டது, படிகள் எஞ்சியுள்ளன, படிகளின் வழியே மூலத்தை நெருங்க முயல்கிறோம். ‘ஸ்மைல்’ நிலையில் ஆசிரியரின் கைப்பட்ட துண்டுகள் எஞ்சியுள்ளன. அவை ஒன்றுசேர்ந்த முழுமை ஒருபோதும் இருந்ததில்லை. சுவடிப் பதிப்பாசிரியர் இழந்ததைத் தேடுகிறார். இரசிகரோ இல்லாததைத் தேடினார். ‘தொலைந்த தொகுப்பு’ என்று வழங்கும் தொடர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

மறுவெளியீடும் பாடவேறுபாடும்

முடிந்த தொகுப்புகளும் இச்சிக்கலிலிருந்து முற்றும் விலகியவை அல்ல. ‘பெட் சவுண்ட்ஸ்’ 1966ஆம் ஆண்டில் மோனோ வடிவில், அதாவது ஒலிகள் அனைத்தும் ஒரே தடத்தில் கலந்த நிலையில் உருவாக்கப்பட்டது. பிரையனுக்கு வலச்செவி கேளாது என்பதும் அக்கால வானொலிகளும் இசைத்தட்டுக் கருவிகளும் பெரும்பாலும் மோனோவாக இருந்தன என்பதும் இதற்குக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. 1997ஆம் ஆண்டில் ‘தி பெட் சவுண்ட்ஸ் செஷன்ஸ்’ என்னும் பெட்டித்தொகுப்பில், ஒலிப்பொறியாளர் மார்க் லினெட் உருவாக்கிய ஸ்டீரியோ கலவை முதன்முறையாக வெளிவந்தது. கருவியிசை ஒரு நாடாவிலும் குரல்கள் வேறொரு நாடாவிலும் இருந்தமையால், அவற்றைக் கணினி வழியாக ஒத்திசைத்து இக்கலவை உருவாக்கப்பட்டது.

இதனால் ஒரு பாடவேறுபாடு நேர்ந்தது. ‘வுடன்ட் இட் பி நைஸ்’ பாடலின் இடைப்பகுதியை மோனோ வடிவில் மைக் லவ் பாடுகிறார். 1997ஆம் ஆண்டின் ஸ்டீரியோ வடிவில் அவ்விடத்தில் பிரையனின் குரல் ஒலிக்கிறது. இறுதிக் கலவையின்போது நேரடியாகச் சேர்க்கப்பட்ட குரல் பல்தட நாடாவில் தங்கவில்லை என்பதே காரணம். ஒலித்தெளிவு கூடிய புதிய பதிப்பு, பழைய பதிப்பிலிருந்த ஒன்றை இழந்துவிடக்கூடும் என்பதை இது காட்டுகிறது. மோனோவே படைப்பாளி ஒப்பிய பாடம் என்போர் ஒரு சாரார். மறைந்திருந்த இசை நுட்பங்களை ஸ்டீரியோ வெளிப்படுத்துகிறது என்போர் மறுசாரார். ஒன்றை மூலமாகவும் மற்றொன்றை ஆய்வுக்குரிய துணைப்பாடமாகவும் கொள்வதே பொருத்தமாகும்.

இரு முடிவுகள்: 2004, 2011

2004ஆம் ஆண்டு பிப்ரவரி 20 அன்று இலண்டன் நகரின் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் அரங்கில் பிரையன் வில்சன் தம் புதிய குழுவோடு ‘ஸ்மைல்’ முழுவதையும் மேடையேற்றினார். இசைக்கலைஞர் டேரியன் சகனாஜா பழைய பகுதிகளைக் கணினியில் ஏற்றி வரிசைப்படுத்த உதவினார். பழைய பாடல்தாள் ஒன்றில் படிக்க இயலாத சொல்லைக் கேட்கப் பிரையன் வான் டைக் பார்க்ஸைத் தொலைபேசியில் அழைத்தார் என்றும், அதன்பின் அவரும் இப்பணியில் இணைந்தார் என்றும் கூறப்படுகிறது. பார்க்ஸ் புதிய அடிகளும் எழுதினார். அவ்வாண்டு செப்டம்பரில் இது புதிய ஒலிப்பதிவாக வெளிவந்தது.

இப்பதிப்பு மூன்று இயக்கங்களாக அமைந்தது. 17 பகுதிகளைக் கொண்டது. இரு பக்கங்களைக் கொண்ட 1967ஆம் ஆண்டின் நெடுந்தட்டில் மூவியக்க அமைப்பு இயல்பாகப் பொருந்தாது. சில தலைப்புகள் மாறின: ‘டூ யூ லைக் வார்ம்ஸ்’ என்பது ‘ரோல் பிளிமத் ராக்’ ஆயிற்று. ‘குட் வைப்ரேஷன்ஸ்’ பாடலில் மைக் லவ் எழுதிய அடிகளுக்கு மாற்றாக, அதற்கு முன் டோனி ஆஷர் எழுதிய அடிகள் பெரும்பாலும் இடம்பெற்றன. ஆகவே, 2004ஆம் ஆண்டுப் பதிப்பு 1967ஆம் ஆண்டின் மீட்டுருவாக்கம் அன்று. அதே ஆசிரியர் முதுமையில் இயற்றிய மற்றொரு பாடம் ஆகும்.

2011ஆம் ஆண்டில் ‘தி ஸ்மைல் செஷன்ஸ்’ வெளிவந்தது. ஆலன் பாய்ட், மார்க் லினெட், டென்னிஸ் உல்ஃப் ஆகியோர் இதன் தயாரிப்பாளர்கள். இதன் பெரிய பதிப்பில் ஐந்து குறுந்தகடுகளும் இரு நெடுந்தட்டுகளும் இரு சிறுதட்டுகளும் இருந்தன. முதற்குறுந்தகட்டில் 1966 – 67ஆம் ஆண்டுகளின் பதிவுகளைக் கொண்டு ஒரு முழுமையான தொகுப்பு அமைக்கப்பட்டது. அதன் வரிசை பெரிதும் 2004ஆம் ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றியது. ஏனைய குறுந்தகடுகள் ஒலிப்பதிவு அமர்வுகளைத் தந்தன. 2013ஆம் ஆண்டில் சிறந்த வரலாற்றுத் தொகுப்புக்கான கிராமி விருதை இது பெற்றது.

பதிப்பு நெறி நோக்கில் இங்கு ஒரு சுழற்சி நிகழ்ந்துள்ளது. 1966ஆம் ஆண்டின் துண்டுகளை அடிப்படையாகக் கொண்டு 2004ஆம் ஆண்டின் வரிசை உருவாயிற்று. அவ்வரிசை மீண்டும் 1966ஆம் ஆண்டின் துண்டுகள்மேல் ஏற்றப்பட்டது. இன்று முதன்முறையாகக் கேட்கும் இளைஞர், 1967ஆம் ஆண்டில் தொகுப்பு இவ்வாறே வெளிவந்திருக்கும் என்று எண்ணக்கூடும். ஆதலால் இப்பதிப்பின் தலையாய பயன் முதற்குறுந்தகட்டில் இல்லை. அமர்வுகளைத் தந்த ஏனைய குறுந்தகடுகளில் உள்ளது. பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தரும் பதிப்பைப் போன்று, பதிப்பாசிரியரின் முடிவை ஏற்காதவரும் தாமே ஆராய அவை இடம் தருகின்றன. ‘ஸ்மைல் செஷன்ஸ்’ என்னும் தலைப்பும் இவ்வகையில் நேர்மையானது.

சட்டத்தின் பங்கு

வெளிவராத பாடல்கள் அண்மைக் காலத்தில் மிகுதியாக வெளிவருவதற்கு இரசிகர் விருப்பம் மட்டும் காரணமன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டில் இயற்றிய நெறியாணை, வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுகளின் காப்புரிமைக் காலத்தை 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆண்டுகளாக உயர்த்தியது. பதிவு செய்யப்பட்டு 50 ஆண்டுகளுக்குள் வெளியிடப்படாத பதிவுகளுக்கு இந்நீட்டிப்பு கிடைக்காது. எனவே, 1960களின் நாடாக்களை வைத்திருந்த நிறுவனங்கள் அவற்றை உரிய காலத்துக்குள் வெளியிட்டு உரிமையைக் காத்துக்கொள்ள முனைந்தன.

2012ஆம் ஆண்டின் இறுதியில் பாப் டிலனின் 1962ஆம் ஆண்டுப் பதிவுகள் ஏறத்தாழ நூறு படிகள் மட்டுமே வெளியிடப்பட்டன. காப்புரிமை நீட்டிப்புத் தொகுப்பு என்று பொருள்படும் பெயரையே அது தாங்கியிருந்தது. 2013 டிசம்பரில் தி பீட்டில்ஸ் குழுவின் 1963ஆம் ஆண்டைச் சேர்ந்த 59 பதிவுகள் இணையவழி விற்பனைக்கு வந்தன. தி பீச் பாய்ஸ் குழுவின் பழைய அமர்வுகளும் 2013ஆம் ஆண்டு முதல் இவ்வாறு வெளிவந்தன. 2017ஆம் ஆண்டின் ‘1967 – சன்ஷைன் டுமாரோ’ அவற்றுள் ஒன்று. இரசிகர்கள் கள்ளப்படியாகக் காத்துவந்தவை இப்போது உரிமையுடைய சரக்காயின. ஒரு காலத்தில் சட்டம் தடுத்ததைப் பின்னர் சட்டமே வெளிக்கொணர்ந்தது என்பது இவ்வரலாற்றின் முரண்.

கைவிடும் உரிமை

இதுவரை கூறியவை அனைத்தும் கேட்பவர் நோக்கில் அமைந்தவை. படைப்பாளி நோக்கில் வேறொரு வினா எழுகிறது. பிரையன் வில்சனுக்கு ‘ஸ்மைல்’ வெறும் முடிவுறாப் பணி அன்று. அவர் மனநலம் சிதைந்த காலத்தோடு பிரிக்கவியலாமல் பிணைந்த நினைவு. பல ஆண்டுகள் அதுபற்றிப் பேசவே அவர் தயங்கினார். அவர் தவிர்த்த நாடாக்களை இரசிகர்கள் விரும்பிக் கேட்டனர். அவர் அஞ்சிய ‘தீ’ பகுதியைப் பெரும்பேறாகப் போற்றினர். படைப்பாளி ஒப்பாத ஒன்றைக் கேட்பது அவர்தம் விருப்பத்தை மீறுவதாகாதா?

ஒரு தரப்பு, கலைப்படைப்பு பதிவான பின் பண்பாட்டின் உடைமை என்று வாதிடும். அனுமதியற்ற படிகள் வழியாக இரசிகர்கள் ஆர்வத்தைக் காத்திராவிடில் 2004ஆம் ஆண்டின் அரங்கேற்றமே நிகழ்ந்திருக்குமா என்று வினவும். இவ்வாதத்தில் உண்மை உண்டு. இலண்டன் அரங்கில் பிரையன் பெற்ற வரவேற்பு அவர் அச்சத்தைத் தணித்தது என்பதையும் மறுக்கவியலாது. ஆயினும் விளைவு நன்றாக முடிந்ததைக் கொண்டு, அதற்கு முந்தைய செயல்கள் அனைத்தையும் நெறிப்படுத்திவிட இயலாது. முடிவு வேறாக அமைந்திருப்பின், ஒரு நோயாளியின் துயர நாள்களை வணிகப் பொருளாக்கியதாகவே அது கருதப்பட்டிருக்கும்.

இங்கு ‘ஸ்மைலி ஸ்மைல்’ மீண்டும் கவனத்துக்கு வருகிறது. 1967ஆம் ஆண்டில் குழுவினர் தாமே ஒப்பி வெளியிட்ட பாடம் அதுவே. இல்லாத தொகுப்பின் நிழலில் வைத்தே பல்லாண்டுகள் அது மதிப்பிடப்பட்டது. குறைபட்ட மாற்று என்றே பெயர்பெற்றது. பெரிய இசைக்குழுவை விலக்கி, வீட்டில் அமர்ந்து மெல்லிய குரலில் பாடிய அத்தொகுப்பு, பிரையன் தாம் தாங்கக்கூடிய அளவில் தெரிந்தெடுத்த வடிவமாகவும் இருக்கலாம். கைவிடுதலும் ஒரு படைப்புத் தெரிவே என்று ஏற்போமாயின், இரசிகர் விவாதம் கேட்க மறந்த தொகுப்பு இதுவாகும்.

முடிவுரை

பிரையன் வில்சன் 2025ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று காலமானார். டென்னிஸ் 1983ஆம் ஆண்டிலும் கார்ல் 1998ஆம் ஆண்டிலும் மறைந்தனர். எனவே, ‘ஸ்மைல்’ குறித்து முதன்மைப் படைப்பாளியிடம் இனிக் கேட்டறிய வழியில்லை. நாடாக்களும் தாள்களும் முன்னரே பதிவான கூற்றுகளுமே எஞ்சியுள்ளன. இந்நிலையில் இவ்வாய்வின் வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

வெளிவராத பாடல்களைப் பற்றிய இரசிகர் விவாதம், அகச்சான்றும் புறச்சான்றும் கொண்டு இயங்கும் மூலபாட ஆய்வாக வளர்ந்துள்ளது. மறுவெளியீடு என்பது பழையதன் படி மட்டுமன்று. அதுவே ஒரு பாடமாகும் என்பதால், ஒலிப்பதிவை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் எந்த ஆண்டின் எந்தக் கலவை என்பதைக் குறிப்பிடுதல் வேண்டும். முடிவுறாப் படைப்பைப் பதிப்பிப்போர், தாம் அமைத்த வரிசை தம்முடையதே என்பதை வெளிப்படக் கூறி, துண்டுகளையும் உடன் வழங்குதல் வேண்டும். ‘ஸ்மைல்’ என்பதற்கு 1966 – 67ஆம் ஆண்டின் அமர்வுகள், 1967ஆம் ஆண்டின் ‘ஸ்மைலி ஸ்மைல்’, 2004ஆம் ஆண்டின் புதிய பதிவு, 2011ஆம் ஆண்டின் தொகுப்பு ஆகிய நான்கும் தனித்தனிப் பாடங்கள். அவற்றுள் ஒன்றை மற்றொன்றின் குறைவடிவமாகக் கருதாது, அவ்வவற்றின் காலத்தில் வைத்துக் கேட்பதே ஆய்வாளருக்கு உரிய நெறியாகும்.